கரையில் நிற்கக் கற்ற சிறுவன்: ஒரு நீச்சல் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

பையனுக்கு ஏழு வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்திருக்கிறார்கள். பேச்சு பத்து, பன்னிரண்டு சொற்கள்தான். மற்றதெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவான், இல்லாவிட்டால் பள்ளியில் பழக்கிய பட அட்டையை எடுத்து நீட்டுவான். இங்கே அவனைத் தம்பி என்றே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்த தவறுகளை மாற்றவில்லை. அவற்றில் பெரியது என்னுடையது.

வந்த காரணம்

முதல் நாள் அம்மா பேசியது நீச்சலைப் பற்றி அல்ல, வீட்டுக் கதவைப் பற்றி. தம்பி இரண்டு முறை யாருக்கும் தெரியாமல் வெளியே போயிருக்கிறான். இரண்டாவது முறை தேடிப் போனவர்கள் அவனைப் பார்த்தது ஒரு குட்டையின் ஓரத்தில். கால் இரண்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் போட்டபடி உட்கார்ந்திருந்தானாம்.

“கூப்பிட்டேன், திரும்பவே இல்ல மாஸ்டர். அழல, பயப்படல. எனக்கு அதுதான் பயம்” என்றார்.

அவர் பயம் வீண் இல்லை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவான், லீ இருவரும் 1999 முதல் 2014 வரையிலான இறப்புப் பதிவுகளை அலசி 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 15 வயதுக்குக் கீழே உள்ள ஆட்டிசக் குழந்தைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 160 மடங்கு என்பது அவர்கள் கணக்கு. இறப்புச் சான்றிதழில் ஆட்டிசம் என்று எழுதப்பட்டவர்களை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் அந்த எண்ணை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறேன். ஆனாலும் திசை தெளிவு. ஆட்டிசம் என்று தெரிந்தவுடன், மற்றத் தெரபிகளுக்கும் முன்பாகவே பிள்ளையை நீச்சலில் சேருங்கள் என்று லீ சொன்னார். நழுவிப் போவது பற்றி 2012-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. நான்கு வயதைத் தாண்டிய ஆட்டிசக் குழந்தைகளில் 49% பேர் ஒரு முறையாவது அப்படிப் போக முயன்றவர்கள். கவலைப்படும் அளவு நேரம் காணாமல் போனவர்களில் 24% பேர் மூழ்கும் ஆபத்து வரை போனவர்கள்.

அப்பா வேறு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், ஜியா ராய் பற்றிய செய்தி. ஆட்டிசம் உள்ள அந்தப் பெண் 2022 மார்ச்சில், 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை பாக் நீரிணையை 29 கிலோமீட்டர் நீந்திக் கடந்தவர். “நம்ம பையனும்...” என்று ஆரம்பித்தார். நான் பேப்பரை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெண் பெரிய நீச்சல் வீராங்கனை, சந்தேகமே இல்லை. தம்பிக்கு நான் வைத்த இலக்கு மூன்று மீட்டர்: தண்ணீரில் விழுந்தால் திரும்பி, மூச்சு விட்டு, விழுந்த சுவரையே பிடிக்க வேண்டும். ஃப்ரீஸ்டைலும் பட்டர்ஃப்ளையும் இந்த ஆய்வில் வராது.

தாத்தாவும் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: “தள்ளி விட்டா தானா கத்துக்குவான்.” கற்றுக்கொள்வான்தான், தண்ணீரை அல்ல, தள்ளியவரை நம்பக் கூடாது என்பதை. அந்த நம்பிக்கை போய்விட்டால் இப்படிப்பட்ட குழந்தையிடம் அதைத் திரும்பப் பெற மாதக்கணக்கில் ஆகும்.

தண்ணீருக்கு முன்னால்

வலிப்பு உண்டா என்பதுதான் முதல் கேள்வி. ஆட்டிசத்தோடு வலிப்பு சேர்ந்து வருவது அரிதல்ல, தண்ணீரில் வலிப்பு வந்தால் ஆளுக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது. தம்பிக்கு இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். காதில் தொற்று, கழிப்பறைப் பழக்கம், எதையும் வாயில் போடும் பழக்கம் எல்லாம் கேட்டோம். கடைசியில் சொன்னது அவனிடம் இருந்தது: குளத்துத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பான். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி ஆபத்தாகிவிடும். அதனால் இறங்கும் முன் குடிநீர் கொடுப்பது, இடையில் கடிக்க ஒரு ரப்பர் குழாய் கொடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

நேரமாக ஆளில்லாத அதிகாலையைத் தேர்ந்தெடுத்தேன். விசில் கிடையாது. மூடிய கூரைக்குக் கீழே ஒரு விசில் ஊதினால் ஓடு, சுவர், தண்ணீர் என்று நாலு பக்கமும் மோதித் திரும்பும். நமக்கே காது கூசும். அதிகாலைக்கு இன்னொரு காரணம் வாசனை. குளோரின் நெடி என்று நாம் சொல்வது உண்மையில் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின். நெடி தூக்கலாக அடிக்கும் குளம் சுத்தமான குளம் என்று பலர் நினைக்கிறார்கள், நேர்மாறு. நுகர்வு கூர்மையான குழந்தைக்குக் கூட்டம் வரும் முன்னால் உள்ள குளமே தோது.

ஷவரில் நிற்க மறுத்தான். மேலே விழும் துளிகள் ஊசி குத்துவதுபோல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன், தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடினான். குவளையில் மொண்டு தோளில் ஊற்றியபோது சிரித்தான். தண்ணீர் ஒன்றுதான், விழும் விதம் வேறு. அந்தக் குவளை பின்னால் எனக்குப் பெரிய ஆயுதமானது.

குளிரை அவனால் சொல்ல முடியவில்லை என்பதும் முதல் வாரத்திலேயே தெரிந்தது. உதடு நீலம் பாரித்தும் தண்ணீரை விட்டு வர மாட்டான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். போட்டிக் குளங்களில் இருக்கும் 25 முதல் 28 டிகிரி, அசைந்துகொண்டே நீந்துகிறவர்களுக்குப் போதும். நின்றுகொண்டு விளையாடும் சின்ன உடம்புக்குப் போதாது. “குளிருதா?” என்று கேட்பதை விட்டுவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை உதட்டைப் பார்ப்பது என்று ஆனது. வகுப்பு அரை மணிக்கு மேல் போகவில்லை, வாரத்துக்கு இரண்டு.

என் தவறு

நீச்சல் கற்பிக்கும் முறைகளில் பெரும்பாலானவை பயந்த குழந்தையை மனதில் வைத்தவை. முதலில் படியில் உட்கார், அப்புறம் கால் நனை, பந்து விளையாடு, தண்ணீர் நண்பன் என்று பழகு. நானும் பழக்கதோஷத்தில் அதையே தொடங்கினேன். தம்பிக்குத் தண்ணீர் ஏற்கெனவே நண்பன்தான். அவனிடம் இல்லாதது தயக்கம். இல்லாத நோய்க்கு மூன்று வாரம் மருந்து கொடுத்தேன், அவனுக்குத் தண்ணீர் ஆசை இன்னும் கூடியது. தண்ணீரைக் கண்டால் ஓடும் குழந்தையிடம் ஆசையை வளர்த்துவிட்டு நிற்கக் கற்பிக்காமல் விட்டால், ஆபத்தைக் குறைக்கவில்லை, கூட்டுகிறோம். இதை எழுத எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

நிற்கக் கற்பிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓரத்தில் ஒரு பச்சைப் பாய். அதில் அவன் நிற்பான். நான் தண்ணீரிலிருந்து “வா” என்றால் குதிப்பான். ஒன்பது வகுப்பில் ஒரு தடவைகூட முந்தவில்லை. பதிவேட்டில் ‘சொல்லும் வரை காத்திருக்கிறான்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் வேறு போட்டிருந்தேன்.

பத்தாவது வகுப்பு. அன்று ஆழமான பக்கத்தில், கரைமேல் நின்று அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். தம்பி ஒரு கை தூரத்தில் நின்றான். பேசிக்கொண்டே, யோசிக்காமல், நெற்றியில் இருந்த நீச்சல் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினேன்.

குதித்துவிட்டான்.

ஒரு ‘பளக்’ சத்தம், அவ்வளவுதான். நான் குதித்து அவனைத் தூக்க இரண்டு மூன்று விநாடி ஆகியிருக்கும். அடியில் கண்ணைத் திறந்தபடி, கையை ஆட்டாமல், அமைதியாகக் கீழே போய்க்கொண்டிருந்தான். மூழ்குகிறவர் கத்துவார், கையை வீசி அழைப்பார் என்பதெல்லாம் திரையில் வருவது. நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே இருக்காது என்று உயிர்காப்பாளர் ஃபிராங்க் பியா பல பதிவுகளைப் பார்த்து விவரித்திருக்கிறார். படித்திருந்தேன், அன்று பார்த்தேன். மேலே வந்ததும் தம்பி இருமவில்லை, ரீங்காரம் போட்டான். என் கைதான் நடுங்கியது.

அன்று இரவு பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு ஒவ்வொரு வகுப்பையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது வகுப்பிலும் நான் ஒரே மாதிரி நடந்திருக்கிறேன்: தண்ணீரில் இறங்குவேன், கண்ணாடியை இறக்குவேன், “வா” என்பேன். அவன் என் சொல்லுக்குக் காத்திருக்கிறான் என்று நான் நினைத்தேன். அவன் காத்திருந்தது கண்ணாடிக்கு. சொல் அவனுக்குக் கண்ணாடியைத் தொடர்ந்து வரும் ஏதோ ஒரு சத்தம். அவன் விதியை மீறவில்லை. நான் கற்பித்த விதியை என்னைவிடச் சரியாகப் படித்திருந்தான்.

அட்டை

அடுத்த வகுப்பிலிருந்து குதிக்கும் விளையாட்டையே நிறுத்தினேன். உள்ளங்கை அளவில் லேமினேட் செய்த ஓர் அட்டை, அதில் அலை போட்ட நீலப் படம். விதி ஒன்றே ஒன்று: அட்டை உன் கைக்கு வந்தால் தண்ணீர். கைக்கு வராவிட்டால் பாய். இறங்கியதும் அட்டையை என்னிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் தொட்டுப் பார்க்க ஒன்று இருந்ததால் யாருடைய முகத்தையும் குரலையும் படிக்க வேண்டிய தேவை அவனுக்கு இல்லாமல் போனது.

அப்புறம் ஏமாற்று வேலை. அட்டை கொடுக்காமல் கண்ணாடியை ஏற்றி இறக்கினேன், இருபது தடவை. தொப்பி போட்டேன், கழற்றினேன். “வா” என்ற சொல்லையே வேறு யாரிடமோ சொன்னேன். அவன் அக்கா பக்கத்தில் குதித்தாள். ஒவ்வொரு முறையும் அவன் பாயில் நின்றால் உடனே ஒரு குவளை தண்ணீர் தோளில். மிட்டாய் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. அவனுக்குத் தண்ணீர்தான் பரிசு, அதைக் குளத்துக்கு வெளியே வைத்தே கொடுத்தேன். காத்திருக்கும் நேரம் இரண்டு விநாடியில் தொடங்கி மெல்ல ஒரு நிமிடத்துக்கு வந்தது. ரொம்பக் கடினமானது பந்து. தண்ணீரில் பந்து விழுந்தால் உடம்பு முழுக்க முன்னால் சாயும், கால் விரல் மட்டும் பாயின் ஓரத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ காலைகள் போயின.

ரீங்காரம்

மல்லாந்து மிதப்பது இரண்டு மாதமாக நகரவில்லை. பின்னந்தலை தண்ணீரைத் தொட்டு, காதுக்குள் நீர் ஏறும் கணத்தில் வில்லாக நிமிர்ந்துவிடுவான். காதடைப்பான் வைத்தால் பிடுங்கி எறிந்தான். தொப்பி இன்னும் மோசம்.

இதற்கிடையில் அவன் ரீங்காரத்தை நான் அடக்கிக்கொண்டிருந்தேன். குறைக்க வேண்டிய நடத்தை என்று பள்ளிக் குறிப்பில் இருந்தது, நானும் கேள்வி கேட்காமல் உதட்டில் விரல் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அலுப்பில் விட்டுவிட்டேன். என் தோளில் தலை சாய்த்துப் படுத்திருந்தவன் ‘ம்ம்ம்’ என்றபடியே கொஞ்சம் சரிய, காது இரண்டும் நீருக்குள் போயின. நிமிரவில்லை. கண் பெரிதாக விரிந்தது. காதை அடைத்துக்கொண்டு முனகிப் பாருங்கள், சத்தம் எலும்பு வழியே மண்டைக்குள் முழங்கும். அவனுக்குப் பிடித்த சத்தம் திடீரென்று பத்து மடங்கு பெரிதாகியிருந்தது. தலையைத் தூக்கினான், சத்தம் சிறுத்தது. மறுபடி தானே காதை நீருக்குள் வைத்தான். அன்று அவனை வெளியே எடுக்கத்தான் பாடுபட்டோம்.

வாய் மூடி முனகும்போது மூச்சு மூக்கு வழியே வெளியே வந்துகொண்டிருக்கும், தண்ணீர் உள்ளே ஏறாது. முகத்தை நீருக்குள் வைக்க எல்லாக் குழந்தைகளுக்கும் நாங்கள் மெனக்கெட்டுச் சொல்லித்தருவது இதைத்தான். தம்பி அதை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தான். பள்ளிக்குத் தொலைபேசியில் சொன்னேன். வகுப்பறையில் தொந்தரவுதான், ஆனால் குளத்தில் அது அவன் மூச்சுப் பயிற்சி, அங்கே யாரும் தடுக்க வேண்டாம் என்று. ஒத்துக்கொண்டார்கள்.

சுவருக்குத் திரும்புதல்

காற்று ஊதிய கைப்பட்டைகளை ஆரம்பத்திலேயே மறுத்துவிட்டேன். அவை உடம்பைச் செங்குத்தாகத் தொங்கவிடும், போதாததற்குத் தண்ணீர் எப்போதும் தன்னைத் தாங்கும் என்ற பொய்யையும் கற்றுத்தரும். 1949-இல் லண்டனில் ஹாலிவிக் பெண்கள் பள்ளியில் மாற்றுத்திறனாளிகளுக்காக ஜேம்ஸ் மெக்மிலன் உருவாக்கிய நீச்சல் முறையிலும் மிதப்பான்கள் கிடையாது. ஒரு குழந்தைக்கு ஒரு ஆள். கை வீச்சுக்கு முன்னால் உடம்பைச் சுழற்றிக் கட்டுப்படுத்தக் கற்க வேண்டும். அதன் பத்துப் படிகளையும் நான் வரிசையாகப் பின்பற்றவில்லை. குப்புற விழுந்தால் மல்லாந்து திரும்புவது என்ற ஒன்றைத்தான் கடன் வாங்கினேன்.

சுவர்ப் பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்கினோம். முதலில் படியேறி வெளியே வருவது மட்டும். பிறகு சுவரைப் பிடித்தபடி கை மாற்றிக் கை மாற்றி நண்டுபோல் படிக்குப் போவது. பிறகு சுவருக்கு அரை அடி முன்னால் விடுவது, ஓர் அடி, ஒரு மீட்டர். எப்போதும் முடியும் இடம் தெரிந்த இடமாக இருந்ததால் அவன் பதறவில்லை.

ஒரு விஷயம் சக பயிற்சியாளர்களுக்கு. முன்னால் நின்று “வா வா” என்று கூப்பிடாதீர்கள். குழந்தை உங்களை நோக்கி நீந்தக் கற்கும். அவன் தனியாக விழும் நாளில் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள், சுவர் இருக்கும். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன், இடுப்பில் இரண்டு விரல். பிறகு ஒரு விரல். பிறகு விரல் இல்லை.

ஐந்தாவது மாதம் மூன்று மீட்டர் வந்தது. கொண்டாடவில்லை, ஏனென்றால் அது சிவப்பு நீச்சல் சட்டையோடு மட்டும் வந்தது. சாதாரண டீ-ஷர்ட் போட்டு இறக்கினால் ஒட்டும் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டே சுவரை மறந்தான். ஓர் இடத்தில், ஓர் உடையில், ஓர் ஆளோடு கற்றது இன்னொன்றுக்குத் தானாகத் தாவாது என்பது ஆட்டிசத்தில் அடிக்கடி காண்பது. நீச்சலில் அது உயிர்ப் பிரச்சினை. நழுவி ஓடும் குழந்தை நீச்சல் உடை மாற்றிக்கொண்டு ஓடாது. டீ-ஷர்ட், பிறகு முழுக்கால் சட்டை, பிறகு செருப்பு என்று ஒவ்வொன்றாக மறுபடி முதலிலிருந்து. இதற்கே ஆறு வாரம்.

பலன், எல்லை

வேறு பலன்களும் இருந்தன. தூக்கம் நன்றாக வருகிறது என்றார் அம்மா. அக்காவோடு அட்டையைக் கொடுத்து வாங்கும் விளையாட்டு வீட்டிலும் தொடர்கிறது. நீச்சலால் வந்ததா, ஒரு வயது கூடியதால் வந்ததா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. 2004-இல் துருக்கியில் யில்மாஸ் குழுவினர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை 10 வாரம் பயிற்றுவித்து, உடல் திறன் கூடியதையும் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்ததையும் பதிவு செய்தார்கள். 2010-இல் தைவானில் சியென்-யூ பான் 16 சிறுவர்களிடம் நீர்த் திறனோடு சமூக நடத்தையிலும் முன்னேற்றம் கண்டார். ஒருவன், பதினாறு பேர் என்ற எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ‘நீச்சல் ஆட்டிசத்தை மாற்றும்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் எனக்கு ஒட்டுவதில்லை.

சரிவாக இறங்கும் கரை இன்னும் பாக்கி. நீச்சல் குளத்துக்கு விளிம்பு உண்டு, பாய் போடலாம். குட்டைக்கும் ஏரிக்கும் தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பதே தெளிவில்லை. சரிவு வைத்த ஒரு குளத்தில் நான்கு வகுப்பு எடுத்தோம், இரண்டில் நின்றான், இரண்டில் போய்விட்டான். அதை வெற்றி என்று பதிவேட்டில் எழுதவில்லை.

கடைசி மதிப்பீட்டை அவன் இதுவரை பார்க்காத குளத்தில், அவனுக்கு அறிமுகம் இல்லாத ஒரு பயிற்சியாளரோடு வைத்தோம். முழுக்கால் சட்டை, டீ-ஷர்ட். அந்தப் பயிற்சியாளர் தண்ணீரில் இறங்கினார், கண்ணாடியை இறக்கினார், “வா தம்பி” என்றார். தம்பி ஓரத்தில் நின்றபடி உள்ளங்கையை நீட்டினான். அப்போதுதான் அட்டையை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. அம்மா ஓடினார். எடுத்து வர நாலு நிமிடம். நாலு நிமிடமும் நீட்டிய கை நீட்டியபடி, ரீங்காரம் போட்டுக்கொண்டு நின்றான். அட்டை கைக்கு வந்தது. குதித்தான், திரும்பினான், சுவரைப் பிடித்தான், நண்டுபோல் நகர்ந்து படியேறினான். அட்டையைக் கொடுக்க மட்டும் மறந்துவிட்டான், அது குளத்தின் அடியில் கிடந்தது.

கிளம்பும்போது அம்மா கேட்டார், வாசல் கதவின் உச்சியில் போட்ட தாழ்ப்பாளை இனி எடுத்துவிடலாமா என்று. வேண்டாம் என்றேன்.

“எடுக்கப் போறதில்ல மாஸ்டர்” என்று சிரித்தார். “நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்தேன்.”